மெட்டி தேடிய கருவி

ராஜபாளையத்து எலக்ட்ரிக்கல் கடைக்காரர், நான் புதையல் எடுக்கத்தான் கருவி கேட்கிறேன் என்று முடிவே செய்துவிட்டார். கல்லாவுக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம் அண்ணாச்சி? கான்சாபுரமா, புதுப்பட்டியா?" என்றார். "எங்க வீட்டுப் பொறவாசல்தான்" என்றேன். அவர் சிரித்தார். உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதிலும் என் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் சுத்தமாக நம்புவதில்லை. நானும் விளக்கவில்லை. விளக்கினால் அவர் இரக்கப்படுவார், அதைவிடப் புதையல்காரனாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

நான் தேடியது என் மனைவியின் மெட்டி. சிறுநீரகம் கெட்டு அவள் கால் வீங்கியபோது மெட்டி சதைக்குள் அழுந்தி விரல் சிவந்துவிட்டது. மெட்டி முழு வளையம் கிடையாது. விரலுக்குத் தக்கபடி அழுத்திக்கொள்ள அடியில் வாய் பிளந்திருக்கும். சின்னக் கொறட்டை எடுத்து அந்த வாயை இன்னும் கொஞ்சம் அகட்டிவிட்டேன். "மில்லு மிசினப் பிரிக்கிற மாதிரி பிரிச்சிறாதீக, இது காலு" என்றாள். பிறகு மருந்தில் வீக்கம் வடிந்தது. மெலிந்த விரலில் மெட்டி ஆடிக்கொண்டே இருந்தது. புறவாசலில் முற்றிப்போன வெண்டைச் செடிகளை அவள் பிடுங்கிப்போட்ட ஒரு சாயங்காலம், கால் கழுவும்போது பார்த்தால் வலது காலில் இல்லை. இரண்டு பேரும் தேடினோம். அவளால் குனிய முடியவில்லை, அதனால் கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னை ஏவினாள். இருட்டும்வரை ஏவினாள். "மண்ணுலதான கெடக்கு, நடந்தா போகப்போகுது" என்று கடைசியில் அவளே எழுந்து உள்ளே போனாள்.

சில மாதங்களில் அவள் போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து கிசுகிசுத்தார்கள். சுமங்கலியை ஒரு கால் மெட்டியோடு எப்படி அனுப்புவது என்று பேச்சு. கடைசியில் வெறும் விரலில் மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டினார்கள். இருந்த ஒற்றை மெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்த அவள் அக்கா, எங்கள் வழியில் மதினி, சொன்னார்: "தம்பி, இத ஒத்தையாத் தண்ணியில விடக்கூடாது. இன்னொண்ணு கெடைக்கட்டும். வருசத் திதிக்கு ராமேஸ்வரம் போகையில ரெண்டையும் சேத்துக் கடல்ல போட்டுரணும். அப்பத்தான் அவ முழுசாப் போவா."

எனக்குச் சாங்கியங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த 'முழுசா' என்ற சொல் என்னை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த மஞ்சள் நூல் கட்டிய விரல்தான் கண்ணுக்கு முன்னால் வரும். வருசத் திதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் சென்னையில் இருக்கும் மகன் போன் செய்தான். புறவாசலில் புல் மண்டிப் பாம்பு வருகிறதாம், தனியாக இருக்கிற மனுஷனுக்கு எதற்கு அந்த வம்பு, முழுக்க சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்றான். ஆலங்குளத்துக் கொத்தனாரிடம் அவனே பேசி நாளும் குறித்துவிட்டான். பாம்பை நான் பார்த்ததில்லை. பிள்ளைக்கு அப்பனுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கும், அதைக் கெடுப்பானேன் என்று சரி என்றேன், மெட்டியைத் தேடப்போவதையும் சொன்னேன். தளம் விழுவதற்கு முன்னால் மெட்டி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

ராஜபாளையத்துப் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தே தலை நரைத்தவன். பஞ்சில் உலோகம் தேடுவது எனக்குப் புதிதில்லை. பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடும் பிரிவில், பஞ்சு போகிற குழாயில் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. துண்டுக் கம்பி ஒன்று உள்ளே போய் உரசினால் தீப்பிடித்துவிடும், அதற்கு முன்னால் பிடித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொண்டது நான்தான். அதனால் மில் வாட்ச்மேன் ஆட்களைத் தடவிப் பார்க்கும் மட்டையைத்தான் முதலில் இரவல் கேட்டேன். புறவாசலில் அதை நீட்டினால் நின்ற இடமெல்லாம் கத்தியது. வீடு கட்டும்போது கொட்டிய ஆணியும் கட்டுக்கம்பியும் மண்ணுக்குள் கிடந்தால் அது என்ன செய்யும். மட்டையின் அகலம் முழுக்க உணர்வு, எந்த இடம் என்று காட்டத் தெரியாது. ஊரில் திருடன் இருக்கிறான் என்று சொல்கிற போலீஸ் மாதிரி.

எனக்கு வேண்டியது நுனியால் மட்டும் காட்டுகிற சின்னக் கருவி. பின்பாயிண்டர் என்று அதற்குப் பெயர். பெரிய கேரட் அளவு, கேரட் மாதிரியே நுனி கூம்பி இருக்கும். கடைக்காரர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நான் கேட்ட கேள்விகளில் அவருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. உணர்வைக் கூட்டிக் குறைக்க முடியுமா? ஈர மண்ணில் குத்தினால் தண்ணீர் இறங்குமா? சத்தத்தை நிறுத்திவிட்டு அதிர்வை மட்டும் வைக்க முடியுமா? வாய் பிளந்த வளையம் முழு வளையத்தைப் போலப் பிடிபடாது என்பது எனக்குத் தெரியும். மோதிரம் எட்டத்தில் இருந்தே கூப்பிடும், அகட்டிய மெட்டியோ கிட்டத்தில் போனால்தான் முனகும். அதனால் உணர்வு அதிகம் உள்ளதாகப் பார்த்து ஒன்றைச் சொல்லி வரவழைத்தேன். அதிர்வு கேட்டதற்குக் காரணம் பக்கத்து வீடு.

வந்ததும் சோதித்துப் பார்த்தேன். கையில் இருந்த ஒற்றை மெட்டியில் நீள நூலைக் கட்டி, கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்த தொட்டி மண்ணில் புதைத்தேன். நூல் எதற்கென்றால், இதையும் தொலைத்துவிட்டு நிற்கக்கூடாதே. சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்து பட்டனை அமுக்கினேன். தயார் என்று ஒருமுறை அதிர்ந்தது. தொட்டியில் நுனியை வைத்தேன். மெட்டியை நெருங்க நெருங்க உள்ளங்கையில் துடிப்பு கூடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் போன பிறகு அந்த வீட்டில் ஒன்று என் கைக்குப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் புறவாசலே கதி. வேட்டியை மடித்துக் கட்டி, கருவியை மடியில் செருகிக்கொண்டு, கையில் களைக்கொத்தியோடு குத்தவைத்து உட்காருவேன். ஒரு பிடி மண்ணைக் கிளறுவேன். மண் கையால் பட்டனைத் தடவுவானேன் என்று, மடியில் இருக்கும்போதே வேட்டியின் மேலாகக் கட்டைவிரலால் அமுக்கிவிடுவேன். வயிற்றில் ஒருமுறை அதிரும். பிறகு உருவி மண்ணில் வைப்பேன். பார்த்து முடித்தால் அணைத்து மறுபடியும் மடி. பட்டாளத்தான் வாளை உருவுகிற மிடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆணிகள் வந்தன. கட்டுக்கம்பிச் சுருள் வந்தது. பாட்டில் மூடிகளும், துருப்பிடித்த அரிவாள்மனைத் துண்டும் வந்தன. மெட்டி வரவில்லை. மேற்கே மலை இருப்பதால் எங்கள் பக்கம் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். நிழல் புறவாசலைத் தாண்டி வீட்டுச் சுவரில் ஏறியதும் நான் எழுந்திருப்பேன். எழுந்து யாரிடம் சொல்வது? கல் காலியாகக் கிடக்கும். "அந்த முருங்கைக்கு அடியில பாருங்க, உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு" என்று ஏவ ஆள் இல்லாமல் தேடுவது தேடுவது மாதிரியே இல்லை. இருந்தாலும் வாய்க்குள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் கிளறினேன். "இங்கயும் இல்ல பாத்துக்கோ" என்பேன். அந்த நாட்களில் நான் பேசியதெல்லாம் அந்த மண்ணோடுதான்.

பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். எத்தனை நாள்தான் அவரும் பொறுப்பார்.

"அண்ணாச்சி, தகடு ஏதும் எடுக்கீகளா?"

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் கெட்டது நடந்தால் யாரோ செய்வினைத் தகடு புதைத்துவிட்டார்கள் என்பார்கள். "இல்லம்மா, அவ மெட்டி" என்றேன்.

அவர் முகம் மாறியது. "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதன் பிறகு அவர் சுவர்ப் பக்கம் வரவில்லை. தனியாக இருக்கிறவனை விசாரிக்க வருகிற நல்லவர்களை விரட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் புறவாசல் முழுக்கக் கிளறி முடிந்துவிட்டது. சிமெண்ட் மூட்டைகள் வாசலில் இறங்கிக் கிடந்தன. எனக்கு எரிச்சல். மெட்டி இங்கே இல்லையா, இல்லை கருவி ஏமாற்றுகிறதா? நூல் கட்டிய மெட்டியை எடுத்துவந்து, கிளறிய மண்ணிலேயே தொட்டியில் புதைத்த ஆழத்துக்குப் புதைத்தேன். மடியில் கருவியை அமுக்கி, உருவி, நீட்டினேன். ஒன்றும் இல்லை. மண்ணை விலக்கி மெட்டி மேலேயே வைத்த பிறகுதான் அரைமனதாக அதிர்ந்தது. புது பேட்டரி போட்டேன், அதே கதை. கோபத்தில் கருவியை அவள் உட்காருகிற கல்லின் மேல் வீசாத குறையாக வைத்தேன். அதற்கும் மனசில்லாமல் அங்கே வைத்தே இன்னொரு தடவை பட்டனை அமுக்கி, எடுத்துவந்து நீட்டினேன். புதைத்த மெட்டிக்கு எட்டத்திலேயே துடித்தது.

கருவியையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தேன். பிறகு வேட்டிக்குள் கைவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளி அரைஞாண் கொடி. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது, கெட்டியான கொடி. இந்தக் கருவி பட்டனை அமுக்கும் நேரத்தில் சுற்றி என்ன இருக்கிறதோ அதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதைத்தான் சொல்லும். நான் ஒவ்வொரு தடவையும் அதை வெள்ளிக்கொடியில் ஒட்டவைத்து எழுப்பியிருக்கிறேன். கொடி அளவுக்கு வெள்ளி இருந்தால் ஒன்றுமில்லை என்று அது படித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பெரிய ஆணி பிடிபடும், வாய் பிளந்த மெட்டி எப்படிப் பிடிபடும்? மில்லில் டிடெக்டரை ஜீரோ பண்ணும்போது, "ஏலே, ஸ்பேனரத் தூக்கிட்டுத் தள்ளி நில்லுலே" என்று ஆட்களை விரட்டியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் இருந்த கனம் கருவியின் காதையே அடைத்துவிட்டது.

கொடியைக் கழற்றவில்லை, அதைச் செத்தால்தான் அறுப்பார்கள். கருவியைக் கல்லில் வைத்து எழுப்பி, கையை நீட்டியே பிடித்துக்கொண்டு முருங்கை மூட்டிலிருந்து தொடங்கினேன். நிழல் சுவரில் பாதி ஏறியபோது வெண்டைப் பாத்தியின் ஓரத்தில் கை துடித்தது. நான் முன்பே கிளறி, 'இங்கயும் இல்ல' என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போன இடம். கட்டியை உடைத்தேன். கறுத்துப்போய், வாய் அகன்று, நான் கொறட்டால் அகட்டிய அதே வளைவோடு மெட்டி இருந்தது.

"ஏட்டி, கெடச்சிருச்சு" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன்.

பழக்க தோஷம். அடுக்களையில் பைப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது. மெட்டியை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு அவள் கல்லிலேயே உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது பயம். ஜோடி சேர்ந்துவிட்டது, இனி இரண்டையும் கடலில் போட்டுவிட வேண்டியதுதான். அவள் முழுசாகப் போய்விடுவாள். முழுசாக அனுப்பத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று நானும் நம்பியிருந்தேன். இல்லை, எனக்கு அவளோடு இருக்க ஒரு வேலை வேண்டியிருந்திருக்கிறது.

சாயங்காலம் மகன் போன் செய்தான். "கெடச்சுச்சாப்பா?"

"இல்லப்பா."

"சரி விடுங்க. நாளைக்குத் தளத்தப் போட்டுறலாம்ல?"

"போட்டுறலாம்" என்றேன்.

தளம் போட்டாகிவிட்டது. மதினியிடமும் அதையேதான் சொன்னேன். "விடுங்க தம்பி, சிமெண்டுக்கு அடியில போனத என்ன செய்ய முடியும். ஒத்தைய நீங்களே வச்சுக்கோங்க" என்று என்னைத் தேற்றினார். வருசத் திதிக்கு ராமேஸ்வரம் போய்ப் பிண்டத்தை மட்டும் கரைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா மறுபடியும் சுவர் மேலிருந்து சாப்பிட்டீகளா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். சில நாள் உண்மையான பதிலைச் சொல்கிறேன்.

மெட்டிகள் இரண்டும் என் சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கின்றன. கருவிக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை, விற்றுவிடலாம் என்று கடைக்காரரும் சொல்கிறார். ஆனாலும் காலையில் எழுந்ததும் அதைக் கல்லின் மேல் வைத்து பட்டனை அமுக்கி, எடுத்துச் சட்டைப் பைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கையில் துடிக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.