ஒருவரும் வைக்காத பெயர்

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைப் பெயர் விஷயத்தில் ஒரு கிறுக்கு உண்டு. வைக்கிற பெயர் வேறு எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. எசனில் ஒரு பெயரை யோசித்தால், ஹனோவரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே யாருக்கும் அது இல்லையே என்று கேட்டு உறுதிப்படுத்துவார்கள். இரண்டு நடிகைகளின் பெயர்களை வெட்டி ஒட்டிப் புதிதாக ஒன்று செய்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெயர்களோடு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படும் பாட்டையும் தெரியும். இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்த ஆள் நான். எனக்கு மகள் பிறந்த இரண்டாம் நாளே நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

மகள் கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ ஆகிய எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மனைவிக்கு இ பிடித்திருந்தது. இ-யில் எங்களுக்குத் தெரிந்த நல்ல பெயர்களை எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரியில் தந்த படிவம் அதுவரை பொறுக்காது. ஒரு கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மனைவி கட்டிலில் சாய்ந்தபடி அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு இயாந்தி என்ற பெயர் ஞாபகம் வந்தது.

அந்தப் பெயர் எனக்கு வேலையிடத்தில் கிடைத்தது. எசனில் ஒரு கிரேக்க உணவகத்தின் சமையலறையில் நான் அப்போது ஒன்பதாவது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளியின் மனைவியும் எங்களோடு சமையலறையில்தான் நிற்பார். சாலட் வெட்டுவது, வெள்ளரிக்காய்த் தயிர் கலப்பது, இறைச்சியைக் கம்பியில் கோப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வந்த முதல் வருடமே நான் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன், அவருக்கும் அது பழகிவிட்டது. நாங்கள் பேசியது சமையலறை ஜெர்மன். இருவருக்கும் சொந்தமில்லாத அந்த மொழியில் அவர் சொன்னவற்றை நான் எங்கள் பேச்சிலேயே நினைவு வைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன், மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருந்த நேரத்தில், பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்காவுக்கு வளர்ந்த ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். "பெட்டைப் பிள்ளைக்கெண்டு ஒரு பேர் வைச்சிருந்தனான்," என்றார். "இயாந்தி. எங்கட ஆக்களே இப்ப அதை வைக்கிறேல்லை." அவ்வளவுதான் சொன்னார். பெண் பிள்ளைக்கு ஆசைப்பட்ட ஒரு தாயின் மிச்சம் என்று நான் எடுத்துக்கொண்டேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். பெயர்களுக்கென்றே இருக்கும் பக்கங்களில் ஒன்று திறந்தது. கிரேக்கப் பெண் பெயர், ஊதாநிறப் பூ என்று பொருள், பழங்கதைகளில் கடலின் மகள்களில் ஒருத்திக்கும் இந்தப் பெயர் இருந்தது என்று போட்டிருந்தார்கள். எத்தனை பேர் வைக்கிறார்கள் என்று காட்டும் கோடு, அடியோடு அடியாகப் படுத்துக் கிடந்தது. மிக அரிது என்று கீழே எழுதியிருந்தது. மனைவிக்கு வேறு என்ன வேண்டும். எண்கூட்டிப் பார்த்தாள், அதுவும் சரிவந்தது. ஹனோவருக்கு அழைத்துக் கேட்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அன்றைக்கே கட்டத்தை நிரப்பினோம்.

நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்கு எங்கள் இன்னொரு வழக்கம் காரணம். முப்பத்தொன்று முடியும்வரை பெயரை வெளியில் சொல்வதில்லை, கண்ணூறு பட்டுவிடும். அலுவலகத்துக்குச் சொல்லலாம், அலுவலகத்துக்குக் கண் இல்லை. மற்றவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அக்கா கேட்டார்: "என்ன பேர் வைக்கப் போறீர்?"

"முப்பத்தொண்டு முடியட்டும் அக்கா. அதுக்கு முதல் சொல்லக் கூடாது."

அவர் உடனே தலையாட்டினார். "எங்களிட்டையும் அப்பிடித்தான். ஞானஸ்நானம் குடுக்குமட்டும் பேர் சொல்லமாட்டம். அதுவரைக்கும் எல்லாப் பிள்ளையும் பாப்பாதான்." இந்தளவு ஒற்றுமை எங்கள் இரண்டு சனத்துக்கும் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். விழாவில் பெயரைக் கேட்டதும் அக்காவின் முகம் எப்படி மலரும் என்று மனக்கோட்டையும் கட்டினேன்.

முப்பத்தோராம் நாள் ஒரு மண்டபம் எடுத்தோம். ஐயர் வந்தார், நான் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். எங்கள் ஆட்கள் எதையும் கேக் இல்லாமல் முடிப்பதில்லை. மூன்று அடுக்கு ஊதாக் கேக்கில் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு வாசலுக்கு நேரே வைத்திருந்தார்கள். அக்காவும் கணவரும் கொஞ்சம் பிந்தி வந்தார்கள். அக்கா கையில் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. பிள்ளையின் உடுப்பில் குத்துவதற்கு, கண்ணூறு படாமல் காக்கும் நீல மணி வைத்த பொன் ஊசி. கேக்குக்கு முன்னால் வந்து நின்றார், வாசித்தார். பெட்டியை மனைவியின் கையில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்க்காமலே திரும்பி வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். அக்கா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கணவர்தான் எனக்குச் சொன்னார். அவர்களுடைய முதல் பிள்ளை பெண். பிரசவத்துக்கு அக்கா தாய் வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை பத்தொன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் பெயர் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பதிவிலும் பெண் குழந்தை என்றுதான் இருக்கிறது, கல்லறைக் கல்லிலும் பெயர் இல்லை. "அவ அந்தப் பேரை எனக்கு மட்டும்தான் சொன்னவ," என்றார். காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உமக்கும் சொன்னது எனக்குத் தெரியாது," என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கேட்டிருக்கலாமேப்பா," என்று மட்டும் சொன்னாள். அடுத்த கிழமை பதிவு அலுவலகத்தில் டெர்மின் எடுத்து, அவர்கள் தந்த நேரத்துக்குப் போனேன். பெயரை மாற்ற முக்கியமான காரணம் வேண்டும், அன்ட்ராக்கில், அதுதான் விண்ணப்பப் படிவத்தில், அதை எழுத வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். பெயர் இன்னொரு பிள்ளையுடையது என்றேன். ஒரே பெயர் எத்தனை பேருக்கும் இருக்கலாம், அதற்குத் தடை இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். விழாவுக்குப் பிறகு வேலைப் பேச்சைத் தவிர எங்களிடையே வேறு பேச்சில்லை. படிவத்தை அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, கேக்காமல் எடுத்தது என்ர பிழை. நீங்கள் ஓம் எண்டால் மாத்துறன். காரணத்தை எப்பிடியாவது எழுதுறன்."

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "மாத்திப்போட்டு அந்தப் பேரை எங்க கொண்டுபோய் வைக்கப் போறீர்?" என்றார். "என்னட்டைத் திருப்பித் தரப் போறீரோ? விடும். அவளிட்டையே இருக்கட்டும்."

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி இலகுவாக ஒன்றும் நடக்கவில்லை. மாதக் கணக்காக மகளைப் பற்றி விசாரிக்கும்போது "சின்னவள்" என்றுதான் கேட்பார். சின்னவள் நித்திரை கொள்கிறாளா, சின்னவளுக்குப் பல் வந்ததா. மனைவி பிள்ளையைக் கொண்டு வந்தால் தூக்குவார், கொஞ்சுவார், தேனில் தோய்த்த விரலை வாயில் வைப்பார். பெயர் மட்டும் வராது. சமையலறையில் நின்ற நாங்களும் அவர் முன்னால் அதைச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டோம். என் மகளின் பெயரை நானே ஒளித்து ஒளித்துப் பேசினேன். இப்படியே போனால் அவளுக்கு அது ஒரு நாளும் பெயராகாது என்று எனக்குப் பயம் பிடித்தது.

பத்தாம் மாதத்தில் மகள் நன்றாகத் தவழ்ந்தாள். ஒரு மத்தியானம் கடை பூட்டியிருந்தது. மனைவிக்குப் பல் வைத்தியரிடம் டெர்மின் இருந்ததால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். மகள் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளுக்குக் கீழே புகுந்து தூரப் போய்க்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் விரலைச் சொடுக்கினேன். அவள் கவனிக்கவில்லை. அக்கா கத்திகளைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"ஏன் சொடுக்கிறீர்? அவள் என்ன நாய்க்குட்டியோ?" என்றார். "பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

"நீங்கள் கூப்பிடுங்கோ அக்கா."

"எனக்கு ஏலாது," என்றார். "நீர் கூப்பிடும். அவள் திரும்பிறதை நான் பாக்கோணும்."

நான் கூப்பிட்டேன். மூன்றாவது மேசைக்குக் கீழே கதிரைக் காலைப் பிடித்தபடி மகள் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா கையில் இருந்த கத்தியையும் துணியையும் மேசையில் வைத்தார். "இன்னொருக்கா," என்றார்.