கிட்ட வந்தால்தான் தெரியும்

என் அண்ணிக்குக் கிட்டப்பார்வை. ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குக் கலங்கல். இன்று இதை ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. என் மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று வாத்தியார் சொல்லியனுப்பி, ஹட்டனில் கண்ணாடி வாங்கிப் போட்ட பிறகுதான் அந்த வார்த்தையே எனக்குத் தெரிந்தது. அண்ணி பொகவந்தலாவையிலிருந்து வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ வந்தபோது, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் இருக்கும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. எங்களிடம் வேறு வார்த்தைகள் இருந்தன.

வந்த வாரமே திமிர்க்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் சிரித்தால் அவள் சிரிக்கமாட்டாள். எதிரே வருகிற கங்காணிக்கு ஒதுங்கி வழிவிடமாட்டாள்.

"என்னா, பொகவந்தலாவைக்காரி, எங்களப் பாத்தா மனுசராத் தெரியலையா?" என்று யாராவது கேட்டால், குரல் வந்த பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்குவாள்.

"கேள்வி கேட்டா முறைக்கிறா பாருடி. மகாராணி!"

கொழுந்து பறிப்பதில் மட்டும் யாராலும் அவளை ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாங்கள் பார்த்து ஒடித்தோம். அவள் முகத்தைச் செடியோடு வைத்து, விரலால் தடவி இளசு எது முத்தல் எது என்று அறிந்து ஒடித்தாள். கங்காணி அவள் கூடையைக் கவிழ்த்துக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். "புதுப்பொண்ணு கூடையில ஒரு முத்தல் இருக்கா? நீங்கல்லாம் மாட்டுக்குப் புல்லா அறுக்குறீங்க?" அந்தப் புகழ்ச்சி அவளுக்குப் பெரிய கெடுதல் செய்தது. திட்டு வாங்கியவர்களெல்லாம் அவளுக்கு ஏதாவது நடக்காதா என்று காத்திருந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு நாலு மாதக் குழந்தை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் மத்தியானம் அண்ணி அங்கே போய்த் தொட்டிலுக்குள் குனிந்தாள். மூக்கோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஆயா பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி.

"கொள்ளிக்கண்ணு. அன்னிக்கே நெனச்சேன்," என்றாள் ஆயா. சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் அன்றைக்கே நினைத்தவர்களாக ஆகிவிட்டார்கள்.

கண் பட்டதா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. காய்ந்த மிளகாய், உப்பு, சந்தேகப்பட்டவரின் காலடி மண், மூன்றையும் சேர்த்துக் குழந்தையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறி எல்லாரும் இருமினால் கண் இல்லை. நெடி வராவிட்டால் கண்தான். சுற்றிப் போடுவதில் எங்கள் அம்மாவுக்குத்தான் பெயர். மருமகள் மேல் சொல் வந்ததால் தானே செய்து காட்டுவதாகச் சொன்னாள். "போயி நம்ம மொளகாய எடுத்தா" என்று என்னை அனுப்பினாள்.

அந்த மாதம் ஓயாத மழை. எங்கள் காம்பராத் தகரம் ஒழுகி மிளகாய் டின்னுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. மிளகாய் நமத்து, வெள்ளை பூத்து, துணிபோலக் கிடந்தது. குழம்பில் காரமே இல்லை என்று அண்ணன் இரண்டு நாளாகத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஈர மிளகாய் நெருப்பில் புகையும், நெடி ஏறாது. பதினேழு வயதில், தினம் அடுப்பூதுகிற எனக்கு இது தெரியாதா? டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா காம்பரா வாசலில் நின்றேன். உள்ளே இருபது பேர் இருந்தார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. அம்மா கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

மிளகாய் புகைந்தது. ஒருவரும் இருமவில்லை. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். யார் முகத்தையும் காணமுடியாமல் அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னமும் முறைக்கிறா!" என்று அக்கா கத்தினாள்.

மூன்றாம் நாள் குழந்தை தேறியது. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தும் குடித்திருந்தது, ஆனால் அதை யாரும் பேசவில்லை. சுற்றிப் போட்டதால்தான் தேறியது என்று அதுவும் அண்ணிக்கு எதிரான சாட்சியாகவே ஆயிற்று.

அண்ணன் அவள் கன்னத்தில் அறைந்தான். "ஏன்டி புள்ளைய அப்பிடிப் பாத்த?"

"எனக்குத் தள்ளியிருந்தா ஒண்ணும் தெரியாதுங்க. கிட்ட வந்தாத்தான் தெரியும்."

இதற்கு மேல் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? அம்மா கையைத் தட்டினாள். "கேட்டுக்கங்க, அவளே ஒத்துக்கிட்டா. கிட்ட வந்துதான் கண்ணு வைப்பாளாம்!"

அதன்பிறகு அவளைக் கண்டால் பெண்கள் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க ஆள் வராது. வாயும் வயிறுமாக இருந்தபோது ஒரு வீட்டிலிருந்தும் ஒரு வாய் பலகாரம் வரவில்லை. அண்ணி தலையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். அதையும் கள்ளத்தனம் என்றார்கள்.

மறு வருடம் ஆனிக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்து நேரே அம்மா கையில் கொடுத்தாள். அம்மா பழைய வேட்டியில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"கட்டு."

அண்ணி கிடந்த இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே சாக்குப் படுதா. குழந்தை அம்மாவோடு இந்தப் பக்கம் இருக்கும். பால் கொடுக்கிற நேரத்தில் நான் போய் அண்ணியின் கண்ணைக் கட்டுவேன், பிறகு அம்மா குழந்தையை மடியில் போடுவாள். பசியாறியதும் குழந்தை இந்தப் பக்கம் வந்துவிடும், நான் கட்டை அவிழ்ப்பேன். அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் பீடி குடிப்பான்.

"ஒரே ஒரு தடவ பாத்துக்குறேன் அத்தை."

"பாத்துட்டு என்னா பண்ணப் போற? பாலக் குடு."

அவள் கையால் பார்த்தாள். நெற்றி, காது, கால்விரல் ஒவ்வொன்றாக, கொழுந்தைத் தடவுகிற மாதிரியே. அம்மா அதையும் தடுத்தாள். "தடவாத. ஒன் கை எதுக்கு அலையுது?"

அம்மா மலைக்குப் போன ஒரு பகலில் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். பாலுக்காகக் குழந்தையை மடியில் போட்டிருந்தேன். கட்டிய கண்ணோடு அண்ணி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "புள்ள, கொஞ்சம் அவுத்து விடு. யாரும் இல்லையே. ஒரு நிமிசம்."

கொள்ளிக்கண்ணை நான் நம்பினேனா என்று பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். மிளகாய் நமத்திருந்தது எனக்குத் தெரியும். நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பயம் இருந்திருக்கக்கூடாது. ஆனால் இருபது பேர் ஒரு வருடம் சேர்ந்து பார்த்ததை நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அவள் கண்ணைச் சுருக்கினால் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்ததைக் கவனித்து, இழுத்து இறுக்கினேன்.

"சரி புள்ள," என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆடிக் காற்றில் காம்பரா முழுவதும் சாரல். குழந்தைக்குச் சளி கட்டி இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக அண்ணன் போர்வையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. பிறந்து இருபத்தாறு நாள்.

வந்தவர்கள் முதலில் என்னைத்தான் விசாரித்தார்கள். "நீ கட்ட அவுத்து விட்டியா?" இல்லை என்றேன். "அப்ப துணிக்கு அடியில பாத்திருப்பா," என்று பக்கத்துக் காம்பரா அக்கா முடித்துவைத்தாள். ஈரச் சாக்கை உதறிக் குடையாகப் போட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள்.

அம்மா படுதாவை விலக்கிக் குழந்தையை அண்ணியின் மடியில் வைத்தாள். நான் பழக்கத்தில் துணியை எடுத்தேன்.

"இனி அது வேணாம்," என்றாள் அம்மா. "பாத்துக்கட்டும். இனி ஒண்ணும் ஆகாது."

அண்ணி அழவில்லை. பகல் வெளிச்சம் விழுகிற பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முகத்தை முகத்தோடு வைத்துப் பார்த்தாள். அண்ணன் வெளியே ஆட்களோடு மண்வெட்டி தேடிக்கொண்டிருந்தான். இடது காதுக்குப் பின்னால் இருந்த ஒரு மச்சத்தில் அவள் விரல் நின்றது.

"இது பொறந்தப்பவே இருந்துச்சா புள்ள?"

"இருந்துச்சு அண்ணி."

மூடியிருந்த இமையைத் தொட்டாள். "கண்ணு யாரு மாதிரி?"

இருபத்தாறு நாளும் அந்தக் குழந்தை என் பக்கத்தில்தான் கிடந்தது. நான் அதன் கண்ணைக் கவனித்ததே இல்லை.

"அண்ணன் மாதிரி," என்றேன்.