நாற்காலிக்குப் பின்னால் அம்பாள்

என் மகள் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பட்டப்படிப்பு படித்தாள். கணக்குப் பாடத்தில் மட்டும் இரண்டு தடவை தவறிவிட்டாள். மூன்றாவது தடவையும் தவறினால் படிப்பே ரத்து என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பரீட்சையும் வீட்டிலிருந்தேதான், காலை பத்து மணிக்கு. அவள் குளிக்கப் போன நேரத்தில், திருக்கடையூரில் வாங்கிய அம்பாள் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, பூப் போட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்தேன்.

"பின்னாடி வெறும் சுவராத்தான் இருக்கணும்ப்பா. கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும்."

"பார்க்கட்டுமே. அம்பாளைப் பார்த்தா அதுக்கும் புண்ணியம்தானே."

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பேசக் கூடாது, திரும்பக் கூடாது, வேறு ஆள் முகம் தெரியக் கூடாது. மூன்று தப்பு ஆனால் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும். விசில் சத்தம் வருமென்று என் மனைவி அன்று குக்கரையே தொடவில்லை. நான் கதவோரம் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே அம்பாளை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அரைமணி ஆனதும் கணினியில் மணி அடித்தது. திரையில் சிவப்பு எழுத்து. நான் எட்டாவது வரை படித்தவன், அந்த இங்கிலீஷ் புரியவில்லை. மகளின் கழுத்து விறைத்ததுதான் தெரிந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் மணி. அப்போதுதான் திரையின் மூலையில் அவள் முகம் தெரியும் சின்னப் பெட்டியைக் கவனித்தேன். அவள் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம். தோளுக்கு மேலே, அம்பாள் முகத்தைச் சுற்றி இன்னொரு கட்டம்.

இரண்டு ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

நிமிர்ந்து போனால் என் முகமே மூன்றாவது தப்பாகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டி, வயிற்றால் ஊர்ந்தேன். நாற்காலிக்குப் பின்னால் போய், கையை மட்டும் நீட்டிப் படத்தின் அடியைப் பிடித்தேன். கண்ணாடிச் சட்டம், நழுவினால் சத்தம் கேட்கும். மெல்லச் சரித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்தேன். தாயே, கொஞ்ச நேரம் நீ இங்கே இல்லாமல் இரு என்று வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதலை நான் வாழ்நாளில் வைத்ததில்லை.

மூன்றாவது மணி அடிக்கவில்லை. திரும்பி ஊர்ந்து போகத் துணிச்சலில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தேன்.

நாற்காலி நகர்ந்தது. "அனுப்பிட்டேன்ப்பா. எழுந்திருங்க."

வாசற்படியில் மனைவி. "அம்பாளையும் சேர்த்துப் படுக்க வச்சாச்சா?"

"அம்பாளைப் போய் கேமரா எனக்கு விடை சொல்லிக்கொடுக்க வந்த ஆளுன்னு நினைச்சிடுச்சும்மா" என்றாள் மகள். சிரித்தாள்.

இரண்டு தப்புக்கும் அன்றே விளக்கம் எழுதி, பின்னால் இருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத் தூக்கிப் பிடிங்கப்பா. உங்க முகம் தெரியக் கூடாது."

பதினைந்து நாள் கழித்துத் தேர்ச்சி என்று வந்தது. அதுவரை அலமாரிப் பக்கம் போய் அம்பாளை நேராகப் பார்க்க எனக்கு முகமில்லை.