மணிக்காரர் எழுப்பிய ஐந்து கணினிகள்

மின்சார மணி வந்த அன்றே, முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட மணியடித்தவரின் கையிலிருந்த சுத்தி பறிபோனது. மணிக்காரர் என்ற பெயரும் கணினி அறைச் சாவியும்தான் மிச்சம். இப்போது சாவிக்கும் ஆபத்து. ஆறு கணினிகளும் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டன. நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் அவற்றை எடுக்க வருவார், நாளையிலிருந்து நீங்கள் கேட்டில் நில்லுங்கள் என்றுவிட்டார் தலைமையாசிரியை.

கணினி ஆசிரியருக்கு மூன்று சான்றிதழ்கள். மூன்றும் சுவரில் பத்திரமாகத் தொங்குகின்றன. புது இயங்குதளம் போட்டால் பிழைக்கும், யார் போடுவது என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

மணிக்காரர் வெளியூரிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டார். அவள் சொன்ன இலவச இயங்குதளத்தை அலுவலகக் கணினியில் இறக்கி, அங்கே கிடந்த பென்டிரைவில் காப்பி செய்து, கொண்டுபோய்ச் செருகினார். கணினி அசையவில்லை. மறுபடியும் மகளைக் கூப்பிட்டார்.

“அரிசி மூட்டையை அப்படியே அடுப்புல வச்சா சோறாகுமாப்பா? காப்பி பண்ணக் கூடாது. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதாலதான் எழுதணும். பென்டிரைவ்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், பாத்துக்கோ.”

அதில் இருந்தவை தலைமையாசிரியையின் ஏழு வருஷத்து ஆண்டு விழா உரைகள். ஏழும் ஒன்றுதான் என்பது ஊரறிந்த ரகசியம். ஒன்றை மட்டும் அலுவலகக் கணினியில் எடுத்துவைத்துவிட்டு, மணிக்காரர் பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்.

அடுத்த சிக்கல்: கணினி பென்டிரைவைத் திரும்பியும் பார்க்காமல் தன் பழைய நோயிலேயே போய் விழுந்தது. விழித்ததும் ஒரு நொடி தயாரிப்பாளரின் முத்திரை தெரியும். அந்த நொடியில் எஃப் பன்னிரண்டு விசையைத் தட்டினால்தான் எதிலிருந்து எழுவது என்று கேட்கும். டீ முடித்து வந்த ஆசிரியர் மூன்று முறை தட்டினார். மூன்று முறையும் பஸ் போன பிறகு கை காட்டிய கதைதான்.

“நகருங்க சார்,” என்றார் மணிக்காரர். “நொடி பாத்து அடிக்கறது நம்ம வேலை.”

ஒரே தட்டு. பட்டியல் வந்தது.

மதியச் சாப்பாட்டை மறந்து ஒவ்வொன்றாக எழுப்பினார். இரும்புக்காரர் கொஞ்சம் முன்னதாகவே வண்டியோடு வந்தபோது ஐந்து திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. உண்மையிலேயே செத்துப்போன ஆறாவதை மணிக்காரரே தூக்கிக் கொடுத்தார்.

தலைமையாசிரியை ஐந்தையும் சுற்றிவந்து பார்த்தார். சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றார். போகும்போது திரும்பி, அந்த பென்டிரைவில் தன் உரைகள் இருந்தனவே என்றார்.

“பத்திரமா இருக்கு மேடம்.”

நாலு மணிக்கு அடிக்க வேண்டிய மின்சார மணி அப்போதுதான் அடித்தது. மணிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் தாமதம்.

“அதையும் ஒரு நாள் பாத்துடட்டுமா மேடம்?”