ஆப்பச் சட்டியும் ஆற்று நீரும்

அந்த நாட்களில் கிள்ளான் படகுத்துறையில் விடிகாலை என்றால், ஆற்றுச் சேறும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனைதான். கடல் நீர் ஏறி வர, அரிசி மூட்டைகளோடு தொங்காங் படகுகள் வந்து சேரும். நல்லம்மாள் அடுப்பு மூட்டுவதும் அப்போதுதான். கணவன் போனபின், ஒரே சட்டியில் ஆப்பம் சுட்டு இரண்டு பெண்களை வளர்த்தாள். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிறவன் சுடச்சுட ஒன்றை வாங்கி மென்றபடியே அடுத்த மூட்டைக்குப் போவான்.

துறை அலுவலகமான கந்தோருக்குப் புதிதாகக் கணக்கெழுத வந்த கிராணி கனகசபைக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை.

"நாளையிலயிருந்து இஞ்ச அடுப்பு மூட்டக்கூடாது. வெளிக்கேற்றடியில போய் இரு."

வெளிவாசல் கால் மைல் தூரம். அங்கே யார் வருவார்கள்? அன்றிரவு நல்லம்மாள் மாவைக் குறைத்துக் கரைப்பதா என்று தவித்து, கடைசியில் எப்போதும்போலவே கரைத்தாள்.

மறுநாள் வெளிவாசலில் அவள் அடுப்பு மூட்டியதும், மூட்டை தூக்குகிறவர்களை மேய்க்கும் மண்டோர் சபாபதி முன்னால் வர, பின்னால் அவன் ஆட்கள் முப்பது பேர்.

"என்னண்ணே, எல்லாரும் ஒண்ணா வந்திட்டீங்க?"

"இவ்வளவு தூரம் ஒவ்வொருத்தனா வந்து போக முடியுமா, தங்கச்சி? பசியாற அரை மணி நேரம் குடுத்திருக்காரு கிராணி."

"சட்டி ஒண்ணுதானே இருக்கு!"

"தெரியும்லா. நீ பாட்டுக்குச் சுடு. நல்லா வேகட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு விறகை மெல்ல வெளியே இழுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கனகசபை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சபாபதி! தண்ணி வத்துது, தெரியேல்லையோ?"

"தெரியுதுங்க ஐயா. இன்னும் பதினோரு பேரு பசியாறலையே!"

பாதி மூட்டைகளோடு தொங்காங் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. மாலை நீர் ஏறும்வரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை. படகுக்காரச் சீனன் கிராணியின் காதுபடவே திட்டித் தீர்த்தான்.

அடுத்த நாள் காலை வெளிவாசலுக்கு வந்த கனகசபை அவள் பக்கம் திரும்பாமல், சபாபதியிடம் சொன்னார்.

"அந்த மனுசியைப் பழைய இடத்துக்கே வரச்சொல்லு. புகை மட்டும் கந்தோருக்குள்ள வரக்கூடாது."

"அதைக் காத்து கிட்டத்தான் சொல்லணும், ஐயா," என்றாள் நல்லம்மாள், அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே.