வாயைப் பொத்தாமல் லீவு கேட்பது

மில் வாசலில் ஒரு நெசவாளியின் நீண்ட முறையீட்டை மேஸ்திரி, வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்தார். நெசவாளிகளே இங்கிலீஷ் பேசினால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அந்த வாரமே அவர்களுக்கு வகுப்பு தொடங்கிவிட்டேன்.

மேலூர்க்காரர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்கு துரையிடம் லீவு கேட்க ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் பிசகில்லாமல் படித்துக்கொண்டு போனார். வாடிய முகத்தோடு திரும்பினார்.

"சொல்லலையாண்ணே?"

"அம்புட்டும் சொன்னேன் தம்பி. காதுல விழலைன்னு துரை வெரட்டிட்டாரு."

"எப்படி நின்னீங்க?"

துண்டை இடுப்பில் கட்டி, வாயைக் கையால் பொத்திக் காட்டினார். "பெரிய மனுசன் முன்னால வேற எப்படி நிக்கிறது?"

"உள்ளங்கைக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்திருக்கியே மாப்ள!" என்று அவரைச் சீண்டினார் கூட வந்த கூட்டாளி.

மறுநாள் வகுப்பில் நானே துரையாக நாற்காலியில் உட்காருவது, அவர் கையைத் தொங்கவிட்டபடி என்னிடம் லீவு கேட்பது என்று முடிவாயிற்று.