'இந்தா' என்று கேட்டது

சிங்களத்தில் 'இன்ன' என்றால் 'இரு, பொறு' என்று அர்த்தம். கல்முனைப் பக்கம் பிறந்தவனுக்கு அந்தப் பாஷையில் வேறு எது தெரியாவிட்டாலும் இந்த ஒரு சொல் தெரியும். அம்பாறை அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் முதலில் காதில் விழுவது அதுதான். பொலிஸ் நிலையத்திலும் அதுதான். என் வாப்பா மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு சவளக்கடைப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவர். சோதனைச் சாவடியில் அந்தச் சொல் கேட்டால் அவருடைய கால் தானாகவே பிரேக்கில் போய் நிற்கும். அப்பேர்ப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், அந்தச் சொல் விளங்காமல்தான் நாட்டுக்கு வரவேண்டிய பதக்கத்தைத் தொலைத்தேனாம். அப்படித்தான் கதைக்கிறார்கள்.

நடந்ததை நானும் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன்.

இளைஞர்களுக்கான சர்வதேச மெய்வல்லுநர் போட்டி. நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் அஞ்சலோட்டம். எங்கள் அணியில் மற்ற மூவரும் சிங்களப் பொடியன்கள். நான் கடைசி ஓட்டம். வளைவில் ஓடி வந்து எனக்கு அஞ்சற்கோலைத் தருகிறவன் மூன்றாமவன். கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னே ஓடிக்கொண்டே, பின்னால் வருகிறவன் சத்தம் போட்டதும் கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். ஆகவே அங்கே கண்ணுக்கு வேலையில்லை. எல்லாம் காதுதான்.

பயிற்சி முகாமில் பயிற்றுநர் 'ஹேண்ட்' என்று கத்தச் சொன்னார். எனக்கு அது சரிவரவேயில்லை. சொல் காதில் விழும், விளங்கும், அதற்குப் பிறகுதான் கை போகும். அந்தச் சுணக்கத்துக்குள் மற்ற அணிகள் போய்விடும். பயிற்றுநர் ஏசிக் கிழித்தார். "உன்ட கை நித்திரையா?" என்று சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

மூன்றாமவன்தான் அதற்கு வழி கண்டுபிடித்தான். இதை நான் மறைக்க மாட்டேன். அவன் கெட்டிக்காரன், அப்போது என் கூட்டாளியும்கூட. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பாண் துண்டொன்றை என் பக்கம் நீட்டி, "மச்சான், உங்கட ஊரில ஒராளுக்குச் சாமான் ஒண்டு குடுக்கக்குள்ள என்ன சொல்லுவீங்க?" என்று தன் பாஷையில் கேட்டான்.

"இந்தா."

"இந்தா," என்று திருப்பிச் சொன்னான். மறுநாள் ஓட்டத்தில் அதையே கத்தினான். அல்லாஹ்வே! என்னைக் கேளாமலே என் கை பின்னால் போனது. உம்மா அடுப்படியிலிருந்து சொன்ன சொல் அது, கடைக்காரக் காக்கா மிட்டாயை நீட்டியபோது சொன்ன சொல். அதற்குக் கை நீட்ட யோசனையா வேண்டும்? பயிற்றுநர் மட்டும் முகத்தைச் சுளித்தார். அணிக்கு ஒரே சொல்தான், வீட்டுப் பாஷையெல்லாம் வேண்டாம் என்றார். நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுகாவும் 'இந்தா'தான்.

இறுதிப் போட்டியில் மைதானம் முழுக்க இரைச்சல். அவன் வளைவில் நல்லாத்தான் வந்தான். ஓடுபாதையில் நான் ஒட்டி வைத்திருந்த அடையாளத்தை அவன் தாண்டியதைப் பார்த்ததும் முன்னே திரும்பிக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அவன் தொடை இழுத்துக்கொண்டு வேகம் குறைந்தது எனக்கு எப்படித் தெரியும்? பின்னால் சத்தம் கேட்டது. இந்தா. கையை நீட்டினேன். வெறும் காற்று. இன்னொரு சத்தம், இந்தா. இன்னும் வேகமாக ஓடிக்கொண்டு கையை இன்னும் நீட்டினேன். கோல் கைக்கு வந்தது. ஓடினேன், என் ஆயுளில் அப்படி ஓடியதில்லை. மூன்றாவதாக வந்து, ஓடுபாதையிலேயே நெற்றி பதித்து சுஜூது செய்தேன். நான் தலை தூக்குவதற்குள் பெரிய திரையில் எங்கள் அணியை நீக்கிவிட்டார்கள். கோலை மாற்றுவதற்குக் குறித்த எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அது என் கைக்கு வந்ததாம்.

அவன் கத்தியது 'இந்தா' இல்லை. 'இன்ன'. பொறு, வர முடியவில்லை, பொறு என்று கத்தியிருக்கிறான். வலி வந்த நேரம் அவனுக்கு அவன் தாயின் சொல் வந்தது. எனக்கு என் தாயின் சொல் கேட்டது. இதில் யாரைக் குறை சொல்ல? அந்த மட்டுக்கும் எனக்கு அவனில் ஒரு துளி கோபம் கிடையாது.

கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். அணி அதிகாரி எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அடுத்த முகாமில் யாருக்கு இடம் என்பது அங்கேதான் முடிவாகப் போகிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் சொன்னான்: "நான் இன்ன எண்டு ரெண்டு தரம் சொன்னன் சேர். அவன் நிக்கல்ல."

அவ்வளவும் உண்மை. அதுதான் வயிறு எரிகிறது.

எனக்கு இந்தா என்று கேட்டது என்றேன். "அதென்ன இந்தா?" என்றார் அதிகாரி. நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அதுதான் சொல் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பயிற்றுநரின் பேச்சைக் கேட்காததற்கு இருவருமாக ஏச்சு வாங்கியிருப்போம். அவன் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நானே விளக்கப் போனேன். அரைகுறைச் சிங்களம், ஆத்திரத்தில் அதுவும் ஓடிப்போய்விட்டது. "பாஷைப் பிரச்சினை," என்று சொல்லிவிட்டு அதிகாரி எழும்பினார்.

ஊரில் வேறு கூத்து. "அவனுகள் வேணுமெண்டுதான் தராம உட்ட," என்றார்கள் பள்ளிவாசல் முன்னால். அதுவும் பொய். நான் அப்படி இல்லை என்று சொன்னால், "இவனொரு மடையன், இன்னமும் அவனுகளுக்குப் பரிஞ்சு கதைக்கான்," என்றார்கள். வாப்பா மட்டும் ஒருமுறை கேட்டார்.

"நீ ஏன் மகன் அங்க வாயத் தொறக்கல்ல?"

"தொறந்தன் வாப்பா. அங்க என்ட வாய் அரைவாசிதான் வேல செஞ்ச."

அடுத்த முகாமுக்கு அழைப்பு வரவில்லை. போன் எடுத்துக் கேட்டேன். "பொட்டக் இன்ன," கொஞ்சம் பொறு, சொல்கிறோம் என்றார்கள். இந்தத் தடவை எனக்குச் சரியாகவே விளங்கியது. பொறுத்தேன். ஒருவரும் சொல்லவில்லை. இப்போது கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். காரைதீவிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பெயின்ட் வாளியும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது இந்தாங்க என்று சொல்லாமல் எப்படிக் கொடுப்பது? நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் கடை முதலாளி தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். நாட்டின் பெரியவர்கள் அணி அஞ்சலோட்டத்தில் வென்றதாம். வளைவுப் பக்கம் நின்று யாரோ பிடித்தது. மூன்றாவது ஓட்டத்தில் அவன்தான். கழுத்து தடித்திருக்கிறான், ஓட்டம் அதே ஓட்டம். கடைசி ஆள் ஒரு புதுப் பொடியன், அவனும் சிங்களம்தான். கோலை நீட்டும்போது இவன் கத்தினான். கெமராவுக்குப் பக்கத்திலேயே கத்தினான், தெளிவாகக் கேட்டது.

"இந்தா!"

அந்தப் பொடியனின் கை பின்னால் போனது.

முதலாளி வீடியோவை மறுபடி ஓட்டினார். "டேய், தமிழ்லயல்லவா கத்துறான்! ஆரு இவன், நம்மட ஆளா?"

"இல்ல காக்கா," என்றேன். "சொல்லு மட்டுந்தான் நம்மட."